வரி கட்டித் திரும்பப் பெறுவதா, கட்டாமலே இறக்குவதா: ஏற்றுமதி ஆலைகளுக்கு மூன்று வழிகள்

வெளிநாட்டிலிருந்து மூலப்பொருள் இறக்கி, அதில் பொருள் செய்து, மீண்டும் வெளிநாட்டுக்கே அனுப்பும் ஆலைகள் கோவையிலும் திருப்பூரிலும் ஆம்பூரிலும் நிறைய உண்டு. இறக்கும்போது கட்டும் சுங்க வரி, ஏற்றுமதியாகும் பொருளின் விலையில் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது என்பது அரசின் கொள்கை; அதற்காகவே வழிகள் பல வைத்திருக்கிறார்கள். அந்த ஆலைக்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "டிராபேக்கோடு நிறுத்திக்கொள்ளலாமா, அட்வான்ஸ் லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?" முதலாவது, கட்டிய சுங்க வரியை ஏற்றுமதிக்குப் பிறகு திரும்பப் பெறுவது; இரண்டாவது, ஏற்றுமதி செய்வதாக வாக்குக் கொடுத்து வரி கட்டாமலே இறக்க அனுமதி வாங்குவது. சில ஆண்டுகளாக இவற்றுடன், வரியை ஒத்திவைத்து உற்பத்தி செய்யவிடும் பாண்டட் கிடங்கும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இவற்றில் எது உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் தவறான தேர்வுகள் எப்படி நடக்கின்றன என்று சொல்ல முடியும். வரி எவ்வளவு மிச்சமாகும் என்று மட்டும் பார்த்துவிட்டு, அந்த மிச்சத்தை நிரூபிக்கத் தேவையான பதிவேடு தங்கள் ஆலையில் இருக்கிறதா என்று பாராமல் தேர்ந்தெடுப்பவர்களே பின்னால் நோட்டீஸுடன் வருகிறார்கள்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது இறக்குமதிப் பங்கு, அதாவது ஏற்றுமதிப் பொருளின் எஃப்ஓபி மதிப்பில் (கப்பலேற்றும்வரையான விலை) இறக்கிய மூலப்பொருளின் சிஐஎஃப் மதிப்பு (சரக்கு விலையுடன் காப்பீடும் கப்பல் கூலியும்) எத்தனை சதவீதம் என்பது. இரண்டாவது, எந்த வரி செலவாக நிற்கிறது, எந்த வரி திரும்பி வருகிறது என்ற பிரிப்பு. அடிப்படைச் சுங்க வரியும் அதன் மேல் வரும் சமூக நலக் கூடுதல் வரியும் கட்டினால் செலவுதான். இறக்குமதியின் மேல் விழும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி, உள்ளீட்டு வரி வரவாகவோ ரீஃபண்டாகவோ திரும்பிவிடும் என்பதால் அது பணம் முடங்கும் பிரச்சினை மட்டுமே. இந்த வேறுபாட்டைக் காட்டாமல் மொத்த வரியையும் "மிச்சம்" என்று கூட்டிச் சொல்லும் ஆலோசகர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். மூன்றாவது, ஆர்டரின் உறுதி: ஒன்றரை ஆண்டுக்குப் பிறகும் அந்த வாடிக்கையாளர் இருப்பாரா என்பது. நான்காவது, உள்நாட்டு விற்பனையும் அதே கூரையின் கீழ் நடக்கிறதா என்பது. கடைசியாக, ஸ்டோரின் பதிவேடு.

## ஒரு கணக்கு

கோவையில் ஒரு பம்பு ஆலை என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுமதி 2.5 கோடி ரூபாய் எஃப்ஓபி. அதற்காக இறக்கும் துருப்பிடிக்காத எஃகும் உதிரிகளும் 1 கோடி ரூபாய் சிஐஎஃப். விகிதங்கள் பொருளுக்குப் பொருள் மாறும். இங்கே கணக்குக்காக அடிப்படை வரி 7.5 சதவீதம், அதன் மேல் கூடுதல் வரி 10 சதவீதம், ஐஜிஎஸ்டி 18 சதவீதம், டிராபேக் விகிதம் 1.5 சதவீதம் என்று கொள்கிறேன்.

அடிப்படை வரி 7,50,000. கூடுதல் வரி 75,000. ஆக, செலவாக நிற்கும் வரி 8,25,000 ரூபாய். 1,08,25,000 ரூபாயின் மேல் ஐஜிஎஸ்டி 19,48,500. துறைமுகத்தில் கட்ட வேண்டிய மொத்தம் 27,73,500 ரூபாய். ஐஜிஎஸ்டி நான்கு மாதம் முடங்கி, ஓவர்டிராஃப்ட் வட்டி 10 சதவீதம் என்றால் அந்தச் சுமை ஏறத்தாழ 65,000 ரூபாய்.

டிராபேக்காகக் கிடைப்பது 3,75,000. கட்டிய 8,25,000க்கு இது பாதிகூட இல்லை. ஆனால் அதே ஆலை 20 லட்சத்துக்கு மட்டும் இறக்கியிருந்தால் கட்டிய வரி 1,65,000தான். டிராபேக் அப்போதும் 3,75,000தான். இந்த எண்களின்படி இறக்குமதிப் பங்கு எஃப்ஓபியில் 18 சதவீதத்தைத் தொடும்வரை டிராபேக்காரருக்கு நட்டமே இல்லை. உங்கள் பொருளுக்குரிய விகிதங்களை இட்டு இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு மேலே படிப்பது நல்லது.

## டிராபேக்: கட்டிவிட்டுத் திரும்பப் பெறுவது

1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 75ஆம் பிரிவும் 2017ஆம் ஆண்டு டிராபேக் விதிகளும் இதற்கு அடிப்படை. அரசு ஒவ்வொரு பொருளுக்கும் அகில இந்தியத் தொழில் விகிதம் ஒன்றை அறிவிக்கிறது. அது அந்தத் தொழில் முழுவதற்கும் போட்ட சராசரி என்பதால், நீங்கள் உண்மையில் எவ்வளவு இறக்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கிலோகூட இறக்காதவருக்கும் அதே விகிதம் உண்டு. பல பொருள்களுக்கு அலகு ஒன்றுக்கு உச்சவரம்பும் இருக்கிறது. விலை உயர்ந்த பொருள் செய்பவர்கள் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது அங்கேதான்.

இதன் பெரிய நன்மை, இவ்வளவு ஏற்றுமதி செய்தே தீர வேண்டும் என்ற ஏற்றுமதிக் கடப்பாடு எதுவும் இல்லாதது. ஆர்டர் ரத்தானால் இறக்கிய எஃகை உள்நாட்டில் விற்கலாம்; யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லே கோரிக்கை மனு என்பதால் தனி விண்ணப்பமும் இல்லை. வேறெங்கும் திரும்பக் கிடைக்காத பிற வரிகளை ஏற்றுமதியாளருக்கு ஈடுசெய்யும் ரோடெப் திட்டத்தின் பலனும் உடன் கிடைக்கும்.

சராசரி போதாதவர்களுக்கு பிராண்ட் ரேட் என்ற கிளை உண்டு. தொழில் விகிதம் நீங்கள் உண்மையில் கட்டிய வரியில் 80 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், 7ஆம் விதியின் கீழ் உங்கள் கணக்கைக் காட்டித் தனி விகிதம் கேட்கலாம். மேலே சொன்ன ஆலைக்கு 8,25,000இல் 80 சதவீதம் 6,60,000. கிடைப்பது 3,75,000 என்பதால் தகுதி உண்டு. விண்ணப்பம் ஏற்றுமதி அனுமதி ஆணை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். ஷிப்பிங் பில்லில் பழக்கதோஷமாகத் தொழில் விகிதத்தைக் கோரிவிட்டால் 7ஆம் விதியின் கதவு அடைபட்டுவிடும் என்பதைக் கஸ்டம்ஸ் புரோக்கருக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவையுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. மிகக் குறைந்த விலையில் வந்து குவியும் வெளிநாட்டுச் சரக்கின் மேல் போடும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (ஆன்டி-டம்பிங்) தொழில் விகிதத்தில் சேராது. எஃகு, ரசாயனம், நூலிழை ஆகியவற்றில் அந்த வரி விழும் நாட்டிலிருந்து வாங்குபவர் அதை பிராண்ட் ரேட்டில்தான் மீட்க முடியும். இரண்டாவது, ரிசர்வ் வங்கி குறித்த காலத்துக்குள் வெளிநாட்டுப் பணம் வந்து சேராவிட்டால் வாங்கிய டிராபேக்கை வட்டியுடன் திருப்ப வேண்டும். பணம் வந்திருந்தும் வங்கியில் அந்த வரவை ஷிப்பிங் பில்லுடன் இணைக்காமல் விட்டதால் நோட்டீஸ் வாங்கியவர்கள், பணமே வராதவர்களைவிட அதிகம் என்பது என் அனுபவம்.

## அட்வான்ஸ் ஆத்தரைசேஷன்: கட்டாமலே இறக்குவது

பெயர் மாறி ஆண்டுகள் பல ஆகியும் கோவையில் இதை எல்லோரும் அட்வான்ஸ் லைசென்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் 4ஆம் அத்தியாயத்தின் கீழ் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) வழங்குவது. அடிப்படை வரி, கூடுதல் வரி, ஐஜிஎஸ்டி, பொருள்குவிப்புத் தடுப்பு வரி எல்லாவற்றுக்கும் விலக்கு. நம் கணக்கில் 27,73,500 ரூபாயும் துறைமுகத்தில் கட்ட வேண்டியதில்லை. டிராபேக்குடன் ஒப்பிட்டால் உண்மையான ஆதாயம் 8,25,000க்கும் 3,75,000க்கும் உள்ள வித்தியாசமான 4,50,000, அதனுடன் முடங்காத பணத்தின் வட்டி 65,000. இந்த ஐந்து லட்சத்துச் சொச்சத்துக்காக நீங்கள் ஒப்புக்கொள்பவற்றைப் பார்ப்போம்.

இறக்குமதிக்கு 12 மாதம். ஏற்றுமதிக் கடப்பாட்டை முடிக்க, பெரும்பாலான பொருள்களுக்கு, வழங்கிய நாளிலிருந்து 18 மாதம். மதிப்புக்கூட்டல் பொதுவாகக் குறைந்தது 15 சதவீதம். ஒரு கிலோ பொருளுக்கு எவ்வளவு மூலப்பொருள் என்பதற்கு சியான் என்று சொல்லப்படும் தரநிலை அளவுகள் உள்ளன. உங்கள் பொருளுக்கு அளவு இல்லையென்றால் நீங்களே அறிவித்துவிட்டு இறக்கலாம், ஆனால் அளவுகளை முடிவுசெய்யும் டிஜிஎஃப்டியின் நெறிக்குழு பிறகு அதைக் குறைத்தால் கூடுதலாக இறக்கியதற்கு வட்டியுடன் வரி கட்ட வேண்டும். இறக்கிய பொருளை, கடப்பாடு முடிந்த பிறகும், பிறருக்கு மாற்ற முடியாது; அதில் செய்த பொருளைக் கடப்பாடு முடிந்தபின் உள்நாட்டில் விற்கலாம் என்ற அளவுக்கே தளர்வு.

காகிதத்தில் இவை எளிமையாகத் தெரிகின்றன. ஸ்டோரில் என்ன நடக்கிறது என்று ஒரு காட்சி சொல்கிறேன். ஓர் ஆலையில் கடப்பாட்டை முடித்துச் சான்று வாங்குவதற்காக நுகர்வுக் கணக்கைத் தயாரிக்கப் போயிருந்தேன். இறக்குமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் சரக்கு கிலோவில் இருந்தது, தரம் 304 என்று தெளிவாக இருந்தது. ஸ்டோர்காரர் நீட்டிய நீள நோட்டில் "எஸ்எஸ் சுருள், 2" என்று எழுதியிருந்தது. எந்தத் தரம், எத்தனை கிலோ, உள்ளூரில் வாங்கியதா இறக்கியதா, எந்த வேலைக்குப் போனது என்று ஒன்றும் இல்லை. அவர் மேல் தவறில்லை; அவருக்குத் தேவையானது சுருள் இருக்கிறதா தீர்ந்ததா என்ற தகவல் மட்டுமே. ஆனால் பட்டயக் கணக்காளர் சான்றளிக்க வேண்டிய 4எச் பதிவேட்டுக்கு, இறக்கிய ஒவ்வொரு கிலோவும் எந்த ஏற்றுமதியில் போனது என்று காட்ட வேண்டும். எடைச்சீட்டுகளையும் வெட்டுப்பிரிவின் தினக்குறிப்பையும் வைத்து அந்தக் கணக்கை மீட்க எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. லைசென்ஸுக்குக் கட்டிய கட்டணத்தைவிட அந்த ஏழு வாரத்தின் சம்பளம் பல மடங்கு.

ஷிப்பிங் பில்லும் அப்படியே. லைசென்ஸின் கீழ் போகும் சரக்குக்குத் திட்டக் குறியீடு 03, டிராபேக்குக்கு 19. வழக்கமாக 19 போட்டுப் பழகிய கை ஒருநாள் லைசென்ஸ் சரக்குக்கும் 19 போட்டுவிட்டால், அந்த ஏற்றுமதி உங்கள் கடப்பாட்டுக் கணக்கில் ஏறாது. ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளச் சுங்க ஒழுங்குமுறை வழி தருகிறது. ஆனால் பொதுவாக ஓராண்டுக்குள் கேட்க வேண்டும், அதை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் பரிசீலனைக்கு உட்பட்டது. மூலப்பொருளில் மாற்றுத் தெரிவு இருக்கும் பொருள்களில், உண்மையில் பயன்படுத்திய பொருளின் பெயரையே ஷிப்பிங் பில்லில் எழுதியிருக்கவும் வேண்டும்.

கடப்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிலேயே பார்க்கலாம். நம் ஆலை பாதி மட்டும் ஏற்றுமதி செய்து, விஷயம் இரண்டு ஆண்டுக்குப் பிறகு முடிவுக்கு வருகிறது என்று வையுங்கள். திருப்ப வேண்டிய வரி 13,86,750. அதில் ஐஜிஎஸ்டி பங்கை வரவாக எடுக்க வழி உண்டு. இறக்கிய நாள் முதல் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி 4,16,025 ரூபாய். இந்த வட்டிக்கு எந்த வரவும் கிடையாது. ஐந்து லட்ச ஆதாயத்தின் பெரும்பகுதி பாதி ஆர்டர் தவறினாலே கரைந்துவிடுகிறது. ஆர்டரின் உறுதியை அளவுகோலில் சேர்த்ததன் காரணம் இதுவே. காலநீட்டிப்பு கேட்கலாம், அதற்கும் கட்டணம் உண்டு.

நீங்கள் தவறே செய்யாமலும் செலவு வரலாம். 2017 அக்டோபர் 13இல் ஐஜிஎஸ்டி விலக்கு கொடுத்தபோது, பொருளை முதலில் இறக்கி, பிறகுதான் அதில் செய்து ஏற்றுமதி செய்ய வேண்டும் என்ற முன்-இறக்குமதி நிபந்தனையையும் சேர்த்தார்கள். கைவசம் இருந்த சரக்கில் ஏற்றுமதி செய்துவிட்டு ஈடாகப் பிறகு இறக்குவது அதுவரை இயல்பான நடைமுறை. 2019 ஜனவரியில் நிபந்தனை நீங்கியது; குஜராத் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றும் சொன்னது. ஆனால் 2023 ஏப்ரல் 28 அன்று காஸ்மோ ஃபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளிக்க, இடைப்பட்ட காலத்தில் இறக்கியவர்கள் பழைய கணக்கைத் திறந்து ஐஜிஎஸ்டி கட்ட வேண்டியதாயிற்று. அதேபோல், லைசென்ஸில் இறக்குபவர்கள் ஏற்றுமதிக்கு ஐஜிஎஸ்டி கட்டி ரீஃபண்ட் வாங்கும் வழியை ஜிஎஸ்டி விதி 96(10) தடுத்து வைத்திருந்தது. ரீஃபண்ட் வாங்கிய பலருக்கு நோட்டீஸ் போனது. 2024 அக்டோபர் 8 முதல் அந்த விதி நீக்கப்பட்டுவிட்டது. ரோடெப்கூட லைசென்ஸ்காரர்களுக்கு 2024 மார்ச்சில் வந்து, 2025 பிப்ரவரியில் நின்று, ஜூன் 1 முதல் திரும்பியது. விலை பேசும்போது இப்படி வந்து போகும் பலன்களைக் கழித்துவிட்டே பேசுவது பாதுகாப்பு.

இன்னொரு நன்மை பலர் கண்ணில் படுவதில்லை. தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இல்லாமல் இறக்க முடியாத சில மூலப்பொருள்களை, 2024 மார்ச் முதல் பட்டியலிட்ட சில அமைச்சகங்களின் ஆணைகளைப் பொறுத்தவரை, லைசென்ஸின் கீழ் இறக்க முடிகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரே இன்ன ஆலையின் சரக்குதான் வேண்டும் என்று சொல்லி, அந்த ஆலைக்கு பிஐஎஸ் இல்லாதபோது, வரிக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இதற்காகவே லைசென்ஸ் எடுக்கலாம்.

## பாண்டட் கிடங்கு: வரியை ஒத்திவைப்பது

சுங்கச் சட்டத்தின் 58, 65ஆம் பிரிவுகளும் 2019 அக்டோபர் 1 முதலான ஒழுங்குமுறைகளும் சேர்ந்து, உங்கள் ஆலையையே பிணைக்கிடங்காக்கி அதற்குள் உற்பத்தி செய்ய அனுமதிக்கின்றன. மூலப்பொருளுக்கும் இயந்திரத்துக்கும் வரி ஒத்திவைக்கப்படுகிறது. ஏற்றுமதியானால் அதில் போன மூலப்பொருளுக்கு வரி இல்லை. உள்நாட்டில் விற்றால், வட்டி இல்லாமல் அப்போது கட்டினால் போதும். ஏற்றுமதிக் கடப்பாடே கிடையாது. இயந்திரத்தை வரியில்லாமல் இறக்க இபிசிஜி எடுப்பவர், மிச்சமான வரியைப்போல் ஆறு மடங்கு ஏற்றுமதியை ஆறு ஆண்டில் காட்ட வேண்டியிருக்க, இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

விலை வேறு வடிவில் வருகிறது. வரியைப்போல் மூன்று மடங்குக்குப் பிணைப்பத்திரம். கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர். மின்னணுப் பதிவேடு, அதன் நகல் வேறோர் இடத்தில். மாதம் முடிந்து 10 நாளுக்குள் மாத அறிக்கை. ஐந்தாண்டு ஆவணக் காப்பு. நோட்டுக் கணக்கு ஆலைகள் இந்தப் பக்கம் வரவே கூடாது. பேசப்படாத ஓர் இழப்பும் உண்டு: 65ஆம் பிரிவுக் கிடங்கில் முழுவதுமாகவோ பகுதியாகவோ செய்த பொருளுக்குத் தொழில் விகித டிராபேக்கும் இல்லை, ரோடெப்பும் இல்லை. உள்நாட்டுச் சரக்கே பெரும்பங்காக உள்ள ஆலைக்கு இது நேரடி நட்டம். அதோடு, கிடங்குக்குள் வரும் இறக்குமதிக்கு ஐஜிஎஸ்டியை முன்னரே கட்டவைக்கும் 65ஏ பிரிவை 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வரும் நாளைத் தனியே அறிவிக்கும் அதிகாரம் அரசிடம் இருப்பதால், பெரிய முதலீடு செய்பவர் அந்தச் சாத்தியத்தையும் கணக்கில் வைத்தாக வேண்டும்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | டிராபேக் | அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் | பாண்டட் கிடங்கு |
|---|---|---|---|
| துறைமுகத்தில் கட்டும் வரி | முழுவதும் | இல்லை | ஒத்திவைப்பு |
| ஏற்றுமதிக் கடப்பாடு | இல்லை | பொதுவாக 18 மாதத்துக்குள் | இல்லை |
| உள்நாட்டு விற்பனை | தடையில்லை | கடப்பாடு முடிந்தபின், செய்த பொருள் மட்டும் | வரி கட்டி, எப்போதும் |
| இயந்திரங்களுக்குப் பலன் | இல்லை | இல்லை | உண்டு |
| ரோடெப் | உண்டு | 2025 ஜூன் 1 முதல் மீண்டும் உண்டு | இல்லை |
| பதிவேட்டுச் சுமை | தொழில் விகிதத்தில் குறைவு, பிராண்ட் ரேட்டில் அதிகம் | அதிகம் | மிக அதிகம், மாதந்தோறும் |
| தவறினால் | வாங்கியதை வட்டியுடன் திருப்புதல் | முழு வரியும் 15 சதவீத வட்டியும் | பிணைப்பத்திரத்தின் மேல் நடவடிக்கை, உரிமம் பாதிப்பு |

## யாருக்கு எது

இறக்குமதிப் பங்கு நீங்கள் கணக்கிட்ட கோட்டுக்குக் கீழே இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, டிராபேக் போதும். பொத்தான், ஜிப், லேபிள் மட்டும் இறக்கும் பின்னலாடைக்காரர்கள் லைசென்ஸ் எடுத்து அல்லல்படுவதை நான் பார்த்திருக்கிறேன். எதற்கென்று கேட்டால் பக்கத்து ஆலைக்காரர் எடுத்திருக்கிறார் என்பார்கள்.

பங்கு கோட்டுக்கு மேலே, ஆனால் ஆர்டர்கள் விட்டுவிட்டு வருகின்றன என்றால் பிராண்ட் ரேட் பொருத்தம். வரியை முன்னால் கட்ட வேண்டும், மூன்று மாதக் கெடுவைத் தவறவிடக்கூடாது. ஆனால் ஏற்றுமதியான சரக்குக்கு மட்டுமே பேசுகிறீர்கள், வராத ஆர்டருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. இந்த வழியைப் பலர் மறந்தேவிடுகிறார்கள்.

பங்கு மேலே, வாடிக்கையாளர் நிலையானவர், அளவும் தெரியும், அல்லது பொருள்குவிப்புத் தடுப்பு வரி குறுக்கே நிற்கிறது என்றால் லைசென்ஸ் எடுங்கள். முதல் லைசென்ஸை ஆண்டுத் தேவை முழுவதற்கும் எடுக்காமல், கையில் உள்ள ஓர் ஆர்டருக்கு மட்டும் எடுத்து, சான்று வாங்கும்வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இறக்கிய சரக்குக்கு ஸ்டோரில் தனி இடமும், கிலோவிலும் தரத்திலும் தனிப் பக்கமும் சுருள் வந்து இறங்கும் அன்றே தொடங்க வேண்டும். வெட்டுப்பிரிவுக்குப் போகும் ஒவ்வொரு சீட்டிலும் பில் ஆஃப் என்ட்ரி எண் இருக்க வேண்டும்.

பாண்டட் கிடங்கு, வெளிநாட்டு இயந்திரங்களுடன் புதிதாக ஆலை போடுபவருக்கும், ஏற்றுமதியும் உள்நாட்டு விற்பனையும் எந்த விகிதத்தில் அமையும் என்று இப்போதே சொல்ல முடியாதவருக்கும் உரியது. கணினிக் கணக்கு முதல்நாளிலிருந்தே ஓடுகிற ஆலையாகவும் அது இருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை இதற்குள் கொண்டுவர நினைப்பவர்கள், இப்போது வாங்கும் டிராபேக்கையும் ரோடெப்பையும் ஓராண்டுக்குக் கூட்டி, அந்தத் தொகையை ஒத்திவைக்கப்படும் வரியின் வட்டிக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். என்னிடம் வந்த இரண்டு ஆலைகள் அந்தக் கணக்கைப் பார்த்ததும் விண்ணப்பத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டன.